அத்தையின் கழுத்துப் பிடிப்பு

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே புதிதாக வீடு கட்டிக்கொண்டு வந்திருக்கிற பெண், எல்ல என்கிற ஊரில் ஓட்டல் ஒன்றில் மசாஜ் வேலை கிடைக்குமென்று அதற்கான வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு படம் இருக்கிறது. தோலை உரித்துவிட்ட மனிதன் ஒருவன் அதில் நிற்கிறான். உடம்பெல்லாம் சிவப்பு நார், ஒவ்வொரு நாருக்கும் ஒரு பேர். அதை என் முன்னால் விரித்து வைத்து, “பாட்டி, நீங்க இதெல்லாம் எத்தன மாசம் படிச்சீங்க?” என்று கேட்டாள். நாலு நாள் என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனால் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் கை படாத முதுகு குறைவு. நாலு நாள்தான் பழகினேன். புதன்கிழமை ஆரம்பித்துச் சனிக்கிழமை முடிந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் ஹாலிஎலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில், மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கச்சியான அத்தை, நான். ஒரே அறை, முன்னால் ஒரு சின்ன வாசல். பதுளைக்குப் போகிற ரயில் கீழே ஊதுவது வீட்டுக்குள் கேட்கும்.

வேலைக்குப் போகாத வயதிலேயே எனக்குத் தோட்டத்தில் ஒரு பேர் இருந்தது. நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். பெண் பிள்ளை என்று கேட்டவுடன் அப்பா ஒரு வாரம் என்னைப் பார்க்கவே வரவில்லையாம். கால் முன்னால் வந்த பிள்ளை என்று யாரோ சொன்ன பிறகுதான் வந்து, துணியை விலக்கி, முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

எங்கள் ஆட்களுக்குள் அது ஒரு நம்பிக்கை. அப்படிப் பிறந்தவர்களின் கால் பட்டால் முதுகுப் பிடிப்பும் சுளுக்கும் போய்விடும். பிடிப்பு வந்தவர் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் இடது காலைக் கழுவி, குதிகாலில் எண்ணெய் தொட்டு, வாயைத் திறக்காமல் மேலிருந்து கீழே மூன்று தரம் இழுக்க வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான். மலையில் கூடை சுமந்து குனிந்து நிமிரும் ஆட்கள். வாரத்துக்கு ஒருவருக்காவது பிடித்துக்கொள்ளும். கங்காணி வீட்டிலிருந்துகூட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு கட்டிச் சர்க்கரையோ ஒரு ரொட்டியோ கையில் வைப்பார்கள். மற்றப் பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். நான் அவர்களைப் பார்க்காமல் நடந்து வருவேன். பார்த்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஓர் எண்ணம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெரகலையில் ஒரு கடையில் சாமான் நிறுக்கிறவர். அப்பாவைவிட வயதில் மூத்தவர். முதல் சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. “மழையில நனையாம நெழல்ல இருக்கலாம், அட்டக்கடி கெடையாது, விடியக்காலம் பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓட வேணாம்” என்று அம்மா சொன்னாள். அத்தையிடம் அப்பா கேட்டபோது அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். “அண்ணன் சொன்னா சரிதான்” என்றாள். நாங்கள் எல்லோரும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டோம்.

புதன்கிழமை சாயந்திரம் அத்தை மலையிலிருந்து வந்தபோது தலை இடது தோள் பக்கம் சாய்ந்திருந்தது. ஈரக் கொழுந்து நிறைந்த கூடை முதுகில். அதன் கயிறு உச்சந்தலையில். கால் வழுக்கி, விழாமல் சமாளித்தபோது கழுத்து வெட்டிக்கொண்டதாம். நிமிரவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பிக்கொண்டு பார்த்தாள்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறு வருகிறவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? கோணக் கழுத்துக்காரி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் பெரகலை என்ன, பண்டாரவளைப் பக்கம் வரைக்கும் பரவும். அப்பா மட்டும் கவலைப்படவில்லை. “வீட்டிலயே வைத்தியத்த வச்சிக்கிட்டு என்னத்துக்கு அழுவுற?” என்று என் காலைக் காட்டினார்.

முதுகுக்கு எத்தனையோ தரம் கால் வைத்திருக்கிறேன், கழுத்துக்கு வைத்ததில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை குப்புறப் படுத்தாள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு நாங்கள் ஒன்றும் உறவில்லை. இந்த லயத்தில் எது நடந்தாலும் அவள் பார்த்தாக வேண்டும். நான் காலைக் கழுவி, எண்ணெய் தொட்டு, குதிகாலை அத்தையின் கழுத்தில் வைத்தேன். கோழிக் கழுத்து மாதிரி மெல்லிசாக இருந்தது. முதல் தரம் இழுத்ததுமே அத்தை வீறிட்டாள். என் குதிகாலுக்கு அடியில் ஏதோ நழுவியது. மற்ற இரண்டு தரத்தையும் காற்றில் இழுத்துவிட்டு வெளியே ஓடினேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற விதி அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது.

பிடிப்பு போகவில்லை. அத்தை எழுந்து உட்கார்ந்தபோது தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது.

“அது சரி,” என்றாள் பெரியம்மா. “இவ பொறந்தப்ப காலு முன்னால வந்துச்சா, கை முன்னால வந்துச்சா, யாரு கண்டா? நம்மளா வெளக்குப் புடிச்சோம்?”

அம்மா சண்டைக்குப் போனாள். நான் போகவில்லை. பீலிக்குப் பக்கத்தில் போய் நின்று, அதிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அழுதேன். அத்தையின் கழுத்துக்காக அழுதேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது பொய். என் பேர் போய்விடுமே என்றுதான் அழுதேன். கால் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளைகளோடு நானும் போய் நிற்க வேண்டியதுதான்.

அதனால் வியாழக்கிழமை கையால் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எண்ணெயை ஆவி பறக்கச் சூடாக்கி, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அத்தை காட்டிய அதே இடத்தில் பத்து விரலையும் வைத்து அழுத்தினேன். வலி எங்கே இருக்கிறதோ அங்கேதானே அதை நசுக்க வேண்டும்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. அத்தை என் கையைப் பிடித்துத் தள்ளினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஏ புள்ள, என்னா நெனச்சுக்கிட்டு இருக்கே? ரொட்டிக்கு மாவா பெசையிறே?”

எண்ணெய் பட்ட இடம் சிவந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அத்தையால் சோற்றுக் கையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வாயைக் கையிடம் கொண்டுபோனாள். அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை எனக்கு வயிற்று வலி என்று சொன்னேன். பொய்யும் இல்லை, பயத்தில் வயிறு உண்மையாகவே வலித்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். அத்தை வேலைக்குப் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை. நான் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தொடவா வேண்டாமா என்று தெரியவில்லை. முந்தின நாள் சுட்டது நினைவில் இருந்ததால் எண்ணெயை முதலில் என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். பிறகு இரண்டு கையையும் அவள் தோளில் வைத்தேன்.

வைத்தேன், அவ்வளவுதான். அதற்கு மேல் அசைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அசைத்தால் கத்துவாளோ, கழுத்து ஒடிந்துவிடுமோ என்று கையைச் சும்மாவே வைத்திருந்தேன். அடுப்பில் ஒரு விறகு எரிந்து முடியும் நேரம் இருக்கும். அப்போது ஒன்று நடந்தது. நான் அழுத்தவில்லை, ஆனால் என் கை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. தோள்தான் இறங்கிக் கொடுத்தது. அத்தை ஒரு மூச்சு விட்டாள், அடுப்பு ஊதும் மூச்சு மாதிரி நீளமாக.

என் முதல் பாடம் அதுதான். பயத்தில் படித்தது. இன்றைக்கும் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் கையைச் சும்மா வைப்பேன். சிலருக்குப் பொறுமை இருக்காது, “என்ன பாட்டி, தூங்கிட்டீங்களா?” என்பார்கள். நான் கையை எடுப்பதில்லை.

அதன் பிறகு விரல் தானாக நடந்தது. வலிக்கிற இடத்துக்கு நான் போகவில்லை. அங்கே போக எனக்குப் பயம். அதைச் சுற்றித் தூரத்திலேயே அலைந்தேன். தோள்பட்டை எலும்பின் ஓரம் ஒரு நார் ஓடியது, கூடைக் கயிறு மாதிரி முறுக்கேறி. அதைப் பிடித்துக்கொண்டு கை வரைக்கும் வந்தேன். முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் அமுக்கினால் கழுத்துக்குள் சுருக்கென்கிறது என்றாள் அத்தை. எனக்கு ஆச்சரியம். அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். கழுத்தைத் தொடாமலே கழுத்து ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். வலி வருவதற்கு முன்னால் மூச்சு நின்றுவிடுகிறது. வாய் ‘ஆ’ என்று சொல்வது அதற்குப் பிறகுதான். ஆகவே நான் அவள் வாயைக் கேட்காமல் முதுகைப் பார்த்தேன். முதுகு ஏறி இறங்குவது நின்றால் என் விரலும் நின்றது. எலும்பின் மேல் அழுத்தவில்லை, ஓரத்திலேயே போனேன். மத்தியானம் அம்மா கொழுந்தை எடைக்குப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது அத்தை உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் தேத்தண்ணியில் பால் ஊற்றினாள்.

சனிக்கிழமை காலையில் பிடிப்பு மொத்தமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. காதுக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டி. கட்டைவிரலை அதன் மேல் வைத்துக் காத்திருந்தேன். அது பட்டாணி அளவானது. பிறகு கடுகானது. பிறகு இல்லை. விரலுக்கு அடியில் வெறும் சதை, குழந்தையின் சதை மாதிரி. “அத்தை, போயிருச்சு!” என்றேன்.

“இல்லடி,” என்றாள். “இன்னும் இருக்கு.”

தலை பழைய மாதிரியே இடது தோளில் சாய்ந்திருந்தது. நான் மறுபடியும் தேடினேன். மேலே, கீழே, தோளோரம், கை. எங்கேயும் ஒன்றும் இல்லை. மூச்சு எங்கேயும் நிற்கவில்லை. ஆனால் தலையை மெல்ல நிமிர்த்தப் பார்த்தால் கழுத்து மொத்தமும் கல்லாகிவிடும். கையை எடுத்தால் உடனே மெத்தென்றாகிவிடும். இந்த மாதிரி ஒரு பிடிப்பை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பிறகு அறுபது வருஷத்தில் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். அது உடம்பில் உள்ள பிடிப்பு அல்ல. உடம்புக்குச் சொந்தக்காரர் தாமாகப் பிடித்து வைத்திருப்பது. என் கட்டைவிரலுக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

“நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் போல,” என்றாள் அத்தை. அவள் குரலில் கவலை இல்லை. அதையும் நான் கவனித்தேன். கவனித்து, என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்தோடு வேலை முடிந்து அப்பா வந்தார். அத்தையின் தலையைப் பார்த்ததும் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். கீழ் லயத்தில் ஒரு ஆள் நாலு மணி பஸ்ஸில் பெரகலைக்குப் போகிறாராம். அவரிடம் சொல்லியனுப்பி, நாளைக்கு வரவேண்டாம் என்று தடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

“தடுத்தா அவுங்க காத்துக்கிட்டா இருப்பாங்க?” என்றாள் அம்மா. “பண்டாரவளையில இன்னொரு பொண்ணு இருக்குன்னுதானே தரகர் சொன்னாரு. இந்த எடம் போச்சுன்னா போனதுதாங்க.”

“கோணிக்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ண எப்புடிக் காட்டுறது? பொறவு எந்த எடமும் வராது.”

அத்தை சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை சாய்ந்திருந்ததால் கீரையை ஒரு கண்ணால் பார்ப்பது போல இருந்தது. அவள் விரல்கள் மட்டும் நின்றுவிட்டன. அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

“சரி,” என்றார் அப்பா கடைசியில். “சொல்லியனுப்பிர்றேன். தலைவிதி.”

அவர் செருப்பைத் தேடினார். அத்தையின் விரல்கள் மறுபடியும் கீரைக்குப் போயின. கதவில் சாய்ந்திருந்த பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“காலும் போச்சு, கையும் போச்சு. இனிமே மூக்கால தேச்சுப் பாரு, ராசாத்தி.”

எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டது. பிடிப்பு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். என் விரல் பொய் சொல்லாது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டார். அவர் மூன்றாவது படியில் கால் வைத்ததும் நான் கத்தினேன்.

“அத்தை! அட்டை! வலது பக்கக் கழுத்துல அட்டை!”

மழைக்காலம். கீரையோடு அட்டை வீட்டுக்குள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. அத்தை துள்ளி எழுந்தாள். தலையை வெடுக்கென்று நிமிர்த்தி, வலது பக்கம் திருப்பி, தோளைப் பார்த்து, இடது பக்கம் திருப்பி, அங்கேயும் பார்த்து, குனிந்து, முந்தானையை உதறினாள். கீரை காம்பரா முழுவதும் சிதறியது.

அங்கே அட்டை இல்லை.

முதலில் சிரித்தது பெரியம்மாதான். பிறகு அம்மா. அப்பா படியிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடி என் கழுத!” என்று வந்து என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், அது அடி அல்ல. செருப்பைக் கழற்றி மூலையில் போட்டார். நாலு மணி பஸ் சேதி ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. “கை முன்னாலதான் வந்திருக்கும், நான் அன்னிக்கே சொன்னேனே” என்று பெரியம்மா தானே ஜெயித்தது போல லயம் பூராவும் சொல்லிக்கொண்டு போனாள்.

அத்தை சிரிக்கவில்லை. நடுக் காம்பராவில் கழுத்து நேராக, கம்பு நட்டது போல நின்றாள். பிறகு உட்கார்ந்து, சிதறிய கீரையை ஒவ்வோர் இலையாகப் பொறுக்கினாள். நான் போய் உதவி செய்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“நல்ல கைடி ஒனக்கு,” என்றாள். “இதுகிட்ட ஒண்ணையும் மறைக்க முடியாது.”

எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கங்காணி வீட்டில் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை முன்தலை வழுக்கையோடு, அடக்கமானவராக, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவருடைய அம்மா ஏற்றம் ஏறி வந்த களைப்பில் காலை நீட்டிக்கொண்டாள். அம்மா பெருமை தாங்காமல் என்னைப் பற்றிச் சொன்னாள்; நானும் விட்டுவிடாமல், அத்தையே என்ன சொன்னாள் தெரியுமா என்று வார்த்தைக்கு வார்த்தை ஒப்புவித்தேன். அந்த அம்மாள் சிரித்து, “அப்பிடியா? அப்ப இந்தக் காலக் கொஞ்சம் பாரு தாயி” என்றாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவசரப்படவில்லை. முதலில் கையைச் சும்மா வைத்து, கெண்டைக்கால் இறங்கிக் கொடுக்கும் வரைக்கும் காத்திருந்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அத்தை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள். கொஞ்சம் திரும்பும்மா என்றார்கள், திரும்பினாள். கழுத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எண்ணெய் போட்ட கதவு மாதிரித் திரும்பியது. அது என் கைவேலை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அத்தை என்னைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் அந்தக் காலை அமுக்கிக்கொண்டே காத்திருந்தேன். அவள் எல்லாப் பக்கமும் திரும்பினாள், நான் இருந்த பக்கத்தைத் தவிர. இந்தப் பக்கம் மட்டும் இன்னும் பிடிப்பு விடவில்லை போலிருக்கிறது, நாளைக்கு மறுபடியும் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.